வரிசையை யார் அளப்பது?

ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் முதல்முறை காட்டுவதற்கே ஆறு வாரம் காத்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் ஆள் போதவில்லை என்பார்கள். அடுத்த ஆண்டு போய்க் கேட்டாலும் அதே ஆறு வாரம்தான். அதற்கடுத்த ஆண்டும் மாற்றம் இருக்காது. இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். உண்மையிலேயே ஆள் போதாமல் இருந்தால் ஆறு வாரம் பத்து வாரமாகி, பத்து இருபதாகி, ஏறிக்கொண்டே போயிருக்க வேண்டும் அல்லவா? ஏறவில்லை என்றால், வாரத்துக்கு எத்தனை பேர் புதிதாக வருகிறார்களோ ஏறத்தாழ அத்தனை பேர் பட்டியலைவிட்டுப் போய்க்கொண்டும் இருக்கிறார்கள். நிரம்பிய கண்மாய்க்கு வரத்துக்கால் வழியே வரும் தண்ணீர் அப்படியே கலுங்கு வழியே வெளியேறுகிறது. நடுவில் தேங்கிக் கிடப்பது என்றைக்கோ சேர்ந்த பழைய பாக்கி.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் சிலர் இதை உட்கார்ந்து யோசித்தார்கள். லா ட்ரோப் பல்கலைக்கழகத்தையும் ஈஸ்டர்ன் ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தையும் சேர்ந்த கேத்தரின் ஹார்டிங், நிக்கோலஸ் டெய்லர் ஆகியோர் தலைமையிலான குழு அது. இவர்கள் நாம் வழக்கமாகச் சொல்லும் பொருளில் டாக்டர்கள் அல்லர். துணை மருத்துவத் துறைகளின் ஆய்வாளர்கள். அதாவது பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி, உணவியல் போன்ற துறைகளில் ஆராய்ச்சி செய்வதையே வேலையாகக் கொண்டவர்கள். புதிய மருந்து எதையும் அவர்கள் சோதிக்கவில்லை. அவர்கள் ஆராய்ந்தது காத்திருப்பை.

அங்கே பழைய நடைமுறை இதுதான்: பரிந்துரைக் கடிதம் வந்ததும் ஒருவர் அதைப் படித்து, அவசரம், கொஞ்சம் அவசரம், அவசரமில்லை என்று பிரிப்பார். அவசரமில்லாதவர் பட்டியலின் அடியில் போய்விடுவார். புதிதாக ஒரு அவசரம் வரும்போதெல்லாம் இவர் இன்னும் கீழே தள்ளப்படுவார். பட்டியலைப் பராமரிப்பதும், வரிசை மாற்றுவதும், “எப்போது கூப்பிடுவீர்கள்?” என்று வரும் தொலைபேசிக்குப் பதில் சொல்வதுமே தனி வேலையாகிவிடும். ஹார்டிங் குழு இதை மாற்றியது. முதலில், கொஞ்ச காலத்துக்கு மட்டும் கூடுதல் கவனமும் நிதியும் ஒதுக்கி, தேங்கிய பட்டியலைத் தீர்ப்பது. பிறகு, வாரத்துக்குச் சராசரியாக எத்தனை புதியவர்கள் வருகிறார்கள் என்று எண்ணுவது. அத்தனை இடங்களை ஒவ்வொரு சிகிச்சையாளரின் நாட்குறிப்பிலும் முன்கூட்டியே காலியாக வைத்துவிடுவது. கடிதம் வந்த உடனேயே தேதி கொடுத்துவிடுவது. அவசரமா இல்லையா என்பதைத் தாளைப் பார்த்து அல்ல, ஆளைப் பார்த்து, முதல் சந்திப்பில் முடிவுசெய்வது. இதற்கு ‘ஸ்டாட்’ என்று பெயர் வைத்தார்கள்.

எட்டு இடங்களில், எந்த இடம் எப்போது புது முறைக்கு மாறுவது என்பதையும் குலுக்கிப்போட்டுத் தீர்மானித்து, 3,116 நோயாளிகளின் கணக்கை எடுத்தார்கள். 2018-ல் ‘பிஎம்சி மெடிசின்’ இதழில் முடிவு வெளிவந்தது. முன்பு பாதிப் பேர் 42 நாட்களுக்கு மேல் காத்திருந்தார்கள். புது முறையில் அந்த நடு அளவு 24 நாளாக இறங்கியது. மற்ற வேறுபாடுகளைக் கழித்துப் புள்ளியியல் முறையில் கணக்கிட்டாலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் காத்திருப்பு குறைந்துவிட்டது. நிரந்தரமாக ஆள் கூட்டி வாங்கிய பலன் அல்ல இது.

இதை அப்படியே நம் ஊருக்குப் பெயர்த்து வைக்க முடியாது. அங்கே நாள்கணக்கில் காத்திருப்பது தாளில் உள்ள பெயர். இங்கே மணிக்கணக்கில் காத்திருப்பது காலில் நிற்கிற ஆள். நம் ஜி.எச்.சில் யார் வந்தாலும் அன்றே பார்க்கிறோம். இது சாதாரண விஷயமல்ல, பல பணக்கார நாடுகளில் கிடையாது. ஆனால் அன்றே பார்ப்பதற்கு நாம் கொடுக்கும் விலை, பார்க்கும் நேரம். 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017-ல் ‘பிஎம்ஜே ஓப்பன்’ வெளியிட்ட ஆய்வில், முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் சராசரி நேரம் ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல். வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியாவுக்குக் கிடைத்தது ஏறக்குறைய இரண்டு நிமிடம்.

இரண்டு நிமிடம் என்றதும் டாக்டர்களைத் திட்டுவது நம் வழக்கம். திட்டுவதற்கு முன் ஒரு சர்க்கரை நோயாளியோடு காலையில் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் ஒரு வரிசை. பிரஷர் பார்க்கும் மேசையில் இன்னொன்று. ரத்தம் கொடுக்கும் இடத்தில் மூன்றாவது. ரிசல்ட் வரும்வரை பெஞ்சு. அப்புறம் டாக்டர். அவர் நோட்டைப் புரட்டி, அதே மாத்திரையை எழுதி, கையெழுத்துப் போடுகிறார். பிறகு மாத்திரை ஜன்னல். கண்ணைக் காட்டச் சொன்னால் வேறு கட்டடம். பாதத்தைப் பார்க்க யாரும் சொல்வதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு வரிசை இருந்திருக்கும். காலை ஏழு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பியவருக்கு உச்சி வேளை ஆகிவிடுகிறது. அதில் டாக்டரோடு கழிந்தது இரண்டு நிமிடம். மீதி நேரமெல்லாம் டாக்டர் அல்லாதவர்களிடம், அல்லது அவர்களுக்காகக் காத்திருந்ததில் போனது.

ஆக, டாக்டர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் இந்த நோயாளியின் காலைப்பொழுதில் எவ்வளவு மிச்சமாகும்? ரத்தம் எடுக்கும் லேப் டெக்னீஷியன் ஒருவரே என்றால், மிச்சம் அவ்வளவாக இருக்காது. புறநோயாளிகள் பிரிவின் ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்பவர் ஒரு நர்ஸ், ஒரு டெக்னீஷியன், ஒரு மருந்தாளுநர், ஒரு ரேடியோகிராபர், ஒரு பிசியோதெரபிஸ்ட். வரிசை எங்கே முறுக்கிக்கொள்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தெரிந்தாலும் யாரும் அவர்களைக் கேட்பதில்லை. அளந்து சொல்லும் பொறுப்பையும் கொடுத்ததில்லை. என் வாதம் முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது.

இது புதிய கேள்வியும் அல்ல. 1952-லேயே பிரிட்டனில் நார்மன் பெய்லி என்ற புள்ளியியலாளர், மருத்துவமனைப் புறநோயாளிகள் பிரிவில் டாக்டர் சும்மா இருக்கும் நேரத்தையும் நோயாளி காத்திருக்கும் நேரத்தையும் ஒரே தராசில் வைத்துக் கணக்குப் போட்டார். தொடக்கத்தில் இரண்டு பேரை வரச் சொல்லுங்கள், பிறகு சராசரிப் பரிசோதனை நேரம் எவ்வளவோ அந்த இடைவெளியில் ஒவ்வொருவராக வரச் சொல்லுங்கள் என்பது அவர் கண்ட விதி. எழுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. நாம் இன்னும் அத்தனை பேரையும் காலை ஒரே நேரத்துக்கு வரவழைத்துக்கொண்டிருக்கிறோம்.

அளப்பது தமிழ்நாட்டுக்குத் தெரியாத வித்தை என்று யாரும் சொல்ல முடியாது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டபோது செய்தது என்ன? மாவட்டந்தோறும் மருந்துக் கிடங்கு வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, எந்த மாத்திரை எங்கே எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு போகிறது என்று கணக்கு வைத்தது. மருந்து இல்லை என்ற பேச்சு பெருமளவு அடங்கியது அதனால்தான். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போயின. மாத்திரைக்கு இருக்கும் பாஸ்புக், அந்த மாத்திரைக்காக நிற்கும் மனிதரின் நேரத்துக்கு இல்லை.

டாக்டரைச் சுற்றியுள்ள வேலையைப் பிரித்துக்கொடுத்து அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு மதுரையே சாட்சி. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி மேலாண்மைக் கல்லூரிகளில் பாடமே நடத்துகிறார்கள். பெரும்பாலும் அறுவை சிகிச்சை அரங்கைப் பற்றித்தான் பேசுவார்கள். ஒரு மேசையில் அறுவை முடிவதற்குள் பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பதைப் பற்றி. எனக்கு அதைவிட வியப்பானது அதன் புறநோயாளிகள் பிரிவு. பார்வைத் திறன் பார்ப்பவர் ஒருவர், கண்ணழுத்தம் பார்ப்பவர் இன்னொருவர், கண்ணாடிப் பவர் பார்ப்பவர் வேறொருவர், சொட்டு மருந்து விட்டுப் பாப்பா விரிவதைக் கவனிப்பவர் மற்றொருவர். எல்லாம் முடிந்து எண்கள் எழுதிய தாளோடுதான் நோயாளி கண் டாக்டர் முன் உட்காருகிறார். இந்த வேலைகளைச் செய்பவர்கள் நோயாளிகள் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடும் பெண்கள். பெரும்பாலும் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்து வந்தவர்கள். இரண்டு ஆண்டுகள் அங்கேயே பயிற்சி பெற்றவர்கள். நிறுவனத்தின் ஊழியர்களில் பாதிக்கு மேல் இவர்கள்தான்.

கிராமங்களில் உள்ள அரவிந்தின் பார்வை மையங்களில் டாக்டரே கிடையாது. பயிற்சி பெற்ற ஒரு டெக்னீஷியன் கண்ணைப் பரிசோதித்து, தாய் மருத்துவமனையில் உள்ள டாக்டரோடு இணையவழியில் நோயாளியைப் பேச வைக்கிறார். கண்ணாடி மட்டும் தேவைப்படுபவர் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. 2004-ல் தொடங்கிய இந்த மையங்கள் இன்று 100-க்கும் மேல்.

“கண் ஒரு உறுப்பு, ஜி.எச்.சுக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை எல்லாம் வரும்” என்று மறுப்புச் சொல்வார்கள். நியாயமான மறுப்புதான். அரவிந்தின் அச்சை எடுத்துப் பொது மருத்துவப் பிரிவில் வார்க்க முடியாது. ஆனால் ஜி.எச்.சிலும் ஒரு நோயை எடுத்துக்கொண்டு அதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். அதுவும் ஆய்வாகவே செய்தவர்கள்.

காசநோய். மருந்து இருக்கிறது, இலவசமாகக் கிடைக்கிறது, சாப்பிட்டால் குணமாகிறது. இருந்தும் நோய் கண்டுபிடித்த பிறகு இறந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு மாதங்களுக்குள் இறக்கிறார்கள். சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து, 2022 ஏப்ரலில், ‘காசநோய் இறப்பில்லாத் திட்ட’த்தைத் தொடங்கின. அதன் மையம் ஒரு சிறிய சோதனைத்தாள். நோய் உறுதியானதும் உயரம், எடை எடுத்து உடல் நிறைக் குறியீட்டைக் கணக்கிட வேண்டும். 14-ம் அதற்குக் கீழும் என்றால் ஆபத்து. காலில் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும். 24-ஐத் தாண்டினால் ஆபத்து. விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்க்க வேண்டும். 94-க்குக் கீழே போனால் ஆபத்து. எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். இதில் எதற்கும் எம்.பி.பி.எஸ். தேவையில்லை. எடைக்கருவி, விரல் கிளிப், கைக்கடிகாரம், முறையாகப் பயிற்சி பெற்ற ஒரு சுகாதாரப் பணியாளர் போதும். தேறாதவர் உடனே படுக்கைக்கு அனுப்பப்படுகிறார். தேறியவர் மாத்திரையோடு வீட்டுக்குப் போகிறார்.

முன்பு என்ன நடந்தது? இருவருமே ஒரே மாத்திரையோடு ஒரே வாசல் வழியாக வீட்டுக்குப் போனார்கள். இந்தத் தாள் வந்த பிறகு பல மாவட்டங்களில் ஆரம்பகட்ட இறப்புகள் குறைந்தன. மூச்சை எண்ணுவது ஒரு முழு நிமிட வேலை. அவசரத்தில் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கிவிடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த ஒரு நிமிடத்தை முழுதாக எண்ண வைத்திருக்கிறது இந்தத் திட்டம். அதைச் செய்பவர் தன் எண்ணுக்கு மதிப்பிருப்பதை அறிந்து எண்ணுகிறார். மெல்பர்னுக்கும் இதற்கும் உள்ள உறவு இதுதான். இரண்டிலும் கேள்வி புறநோயாளிகள் பிரிவில் பிறந்தது, விடையும் அங்கேயே அளந்து பெறப்பட்டது.

இப்போது பிசியோதெரபி அறைக்குப் போவோம். பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் அது ஒரு வராந்தாவின் கடைசியில் இருக்கும். மெழுகு ஒத்தடம் கொடுக்கும் தொட்டி, கரண்ட் வைக்கும் பெட்டி, தோள்பட்டைக்கான சக்கரம், கைப்பிடிக் கம்பிகள். மேசையில் ஒரு நீள நோட்டு. தேதி, பெயர், வயது, ஓ.பி. எண், என்ன நோய், என்ன சிகிச்சை. மாத முடிவில் அத்தனை வரிகளையும் எண்ணி மேலே அனுப்புகிறார்கள். வரி கூடினால் பிரிவு நன்றாக வேலை செய்கிறது என்று பொருள்.

அந்த நோட்டில் இல்லாதது என்ன என்று பாருங்கள். முழங்கால் வலியோடு வரும் ஒரு அம்மாவைப் பத்து நாள் வரச் சொல்கிறார்கள். இரண்டு நாள் வருகிறார். மூன்றாம் நாள் வரவில்லை. பஸ்ஸுக்குக் காசு வேண்டாம், மகளிர் பஸ் இலவசம். ஆனால் நூறு நாள் வேலையோ பூக்கட்டும் வேலையோ போய்விடும். அவர் வராமல் நின்றது நோட்டில் எங்கும் பதிவாவதில்லை, ஏனெனில் வந்தவர் பெயரைத்தான் எழுத முடியும். மெல்பர்னில் காத்திருப்பு ஒரு பட்டியலாகக் கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே காத்திருக்க முடியாதவர் பட்டியலிலிருந்தே மறைந்துவிடுகிறார். வரிசை சிறிதாகத் தெரிகிறது, பிரிவு சமாளிப்பதாகத் தோன்றுகிறது.

வந்தவருக்காவது பலன் இருந்ததா என்பதும் நோட்டில் இல்லை. அதை அளக்க லட்ச ரூபாய்க் கருவி வேண்டாம். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் ஒரு சோதனை 1991-லிருந்து உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு நாற்காலி, தரையில் ஒட்ட ஒரு பட்டை, கைப்பேசியில் ஓடும் கடிகாரம் போதும். எல்லா பிசியோதெரபிஸ்டுக்கும் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது இது. முதல் நாள் ஒரு எண், கடைசி நாள் ஒரு எண். நோட்டில் இரண்டு கட்டம்.

ஆய்வு என்றாலே ‘ஆமாம், நாங்கள் செய்வது நல்லது’ என்று சான்றிதழ் வாங்குவது என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அப்படி இல்லை என்பதைக் காட்டிய பெரிய ஆய்வு ஒன்று இந்தியாவிலேயே நடந்தது. பக்கவாதம் வந்தவரின் குடும்பத்தாருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டில் அவர்களையே மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கச் செய்தால் என்ன? பிசியோதெரபிஸ்டுகள் குறைவாக உள்ள நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை இருக்க முடியாது என்றே யாருக்கும் தோன்றும். 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். ‘அட்டெண்ட்’ என்று பெயர். 2017-ல் ‘லான்செட்’ வெளியிட்டது. ஆறு மாத முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ்பவர்களும் பயிற்சி பெற்ற குழுவில் 47 சதவீதம். வழக்கமான சிகிச்சைக் குழுவிலும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை.

இது தோல்வி அல்ல, கிடைத்தற்கரிய தகவல். “வீட்டில் கையைக் காலை ஆட்டிவிடச் சொல்லுங்கள்” என்று மனைவியிடமோ மருமகளிடமோ சொல்லி அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கும் வழக்கத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்கிறது அது. சரி, பயிற்சி பெற்றவரே வீட்டுக்குப் போனால்? அதைத்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ செய்கிறது. மாத்திரையோடு பிசியோதெரபிஸ்டையும் வலிநிவாரண நர்ஸையும் வீட்டுக்கு அனுப்புகிறது. 2024-ல் ஐ.நா. விருதும் வந்தது. மாதாமாதம் அதே மாத்திரைக்காக வரிசையில் நின்றவர்களை வரிசையிலிருந்தே எடுத்துவிட்ட வகையில், புறநோயாளிகள் பிரிவுச் சீர்திருத்தம் என்று இதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் இதிலும் செய்திக்குறிப்புகளில் வருவது எத்தனை லட்சம் பேர் பயனடைந்தார்கள் என்ற கணக்கு. வீட்டில் பிசியோதெரபி பெற்றவர்களில் எத்தனை பேர் தாமாக எழுந்து கழிப்பறைக்குப் போகிறார்கள் என்ற கணக்கைத்தான் நான் தேடுகிறேன். ‘அட்டெண்ட்’ விட்ட இடத்திலிருந்து தொடங்கி உலகத்துக்கே விடை சொல்லக்கூடிய களம் நம் கையில் இருக்கிறது. அந்த வேலையைச் செய்ய வேண்டிய பிசியோதெரபிஸ்டோ ஒப்பந்தப் பணியில் இருக்கிறார். பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவரிடம் ஓராண்டு தொடர்கண்காணிப்பு ஆய்வை எப்படிக் கேட்பது?

எலும்பு மருத்துவப் பிரிவின் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாது. முதுகு வலி, கழுத்து வலி, தோள் இறுக்கம், முழங்கால் தேய்மானம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாகாணத்தில் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலிருந்தே, எலும்பு மருத்துவருக்கு வரும் இத்தகைய பரிந்துரைகளை அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் முதலில் பார்க்கும் கிளினிக்குகள் அரசு மருத்துவமனைகளில் நடக்கின்றன. கத்தி தேவைப்படுபவரை மட்டும் சர்ஜனிடம் அனுப்புகிறார்கள்.

இதை இங்கே சொன்னால் டாக்டர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் அச்சத்தில் உண்மை இருக்கிறது. நம் ஊரில் முதுகு வலியோடு வருபவருக்குத் தண்டுவடக் காசநோய் இருக்கலாம். வேறெங்கோ தொடங்கிய புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கலாம். அதற்குப் போய் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தால் இரண்டு மாதத்தில் கால் விளங்காமல் போய்விடும். சிறுநீர் கட்டுப்பாடு போயிருக்கிறதா, இரவிலும் வலிக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா, மாலையில் காய்ச்சல் வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அன்றே டாக்டரிடம் அனுப்பும் கட்டாயம் இருக்க வேண்டும். மெல்பர்ன் பட்டியலும் குயின்ஸ்லாந்து விதிகளும் இதற்குப் போதாது. அங்கே மாலைக் காய்ச்சல் முதல் கேள்வியாக இராது. இங்கே எந்தக் கேள்வி எத்தனை பேரைச் சரியாகப் பிடிக்கிறது, எத்தனை பேரைத் தவற விடுகிறது என்பதை இங்கேதான் ஆராய வேண்டும். அதற்கும் அந்த அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்தான் வேண்டும். இரண்டு நிமிட டாக்டர் மட்டும் இந்த நான்கு கேள்விகளையும் கேட்டுவிடுகிறாரா என்ற கேள்வியையும் கூடவே ஆராயலாம்.

நாம் நேரம் செலவழிப்பது வேறு சண்டையில். 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம், பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடக் கூடாது என்று கடிதம் அனுப்பி, மறுநாளே திரும்பப் பெற்றது. இரு தரப்பும் சங்கம் சங்கமாக அறிக்கை விட்டன. நோயாளிக்கு அதில் ஒன்றுமில்லை.

பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்பதைவிடச் சட்டத்துக்குள் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தால் பலன் உண்டு. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்துறையினருக்கான தேசிய ஆணையச் சட்டம் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களைப் பத்து வகைகளாகப் பிரித்து, ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. அதில் சுகாதாரத் தொழில்துறையினர் யார் என்று வரையறுக்கும்போது, சேவை அளிப்பவர் என்பதோடு நிற்கவில்லை. ஆராய்பவர், ஆலோசனை கூறுபவர், மேற்பார்வையிடுபவர் என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. அந்தச் சட்டப்படி அமைக்க வேண்டிய மாநில மன்றங்களை அமைப்பதில் மாநிலங்கள் சுணங்கியதால், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு இரண்டு மாதக் கெடு விதிக்க வேண்டிவந்தது. மன்றம் அமைவது பதிவு எண் கொடுக்கவும் போலிகளைப் பிடிக்கவும் உதவும், வேண்டியதுதான். ஆனால் ‘ஆராய்பவர்’ என்ற பகுதிக்கு நம் மருத்துவமனைகளில் ஒரு பணியிடமோ, வாரத்தில் ஒரு அரைநாளோ, ஒரு சிறு நிதித் தலைப்போ இருப்பதாகத் தெரியவில்லை. மருத்துவக் கல்லூரிப் பேராசிரியருக்குப் பதவி உயர்வுக்கு ஆய்வுக்கட்டுரை வேண்டும். பக்கத்து அறை ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கோ டயட்டீஷியனுக்கோ அதைச் செய்தாலும் ஒன்றுதான், செய்யாவிட்டாலும் ஒன்றுதான்.

ஆய்வே நடக்கவில்லை என்பதும் சரியல்ல. நடக்கிறது, தப்பான இடத்தில் நடக்கிறது. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் முதுநிலை பிசியோதெரபி படிப்பவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். நான் புரட்டிப் பார்த்த ஆய்வேடுகளில் பல ஒரே அச்சு: முப்பது பேரைத் திரட்டி, பதினைந்து பதினைந்தாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு பயிற்சி, மற்றதற்கு இன்னொரு பயிற்சி, நான்கு வாரம் கழித்து எது மேல் என்று ஒரு அட்டவணை. முப்பது பேரை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது என்று வழிகாட்டிக்கும் தெரியும், தேர்வாளருக்கும் தெரியும். கருப்பு அட்டை போட்டு, பொன்னெழுத்தில் பெயர் பொறித்து நூலகத்தில் அடுக்குகிறார்கள். அதே மாணவர் தினமும் கடந்துபோகும் வராந்தாவில், பத்து நாள் வரச் சொன்னவர்களில் எத்தனை பேர் மூன்றாம் நாள் வருவதில்லை, ஏன், மாலை நேரத்தில் திறந்து வைத்தால் வருவார்களா, பத்து நாளுக்குப் பதில் நான்கு நாளும் தொலைபேசியில் ஆறு நாளும் என்றால் நாற்காலிச் சோதனையின் விநாடிகள் மாறுமா என்ற கேள்விகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. இவற்றுக்கு நோயாளிகளைத் தேடித் திரட்ட வேண்டியதில்லை. அவர்களாகவே வந்து நிற்கிறார்கள்.

ஆய்வு முறை தெரியாது என்பதும் இனி சாக்கு ஆகாது. காசநோய்த் தாளை வடிவமைத்த அதே தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், ஆய்வின் அடிப்படைகளைச் சொல்லித்தரும் இணையவழிப் பாடம் ஒன்றை நடத்துகிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். அரசு செய்ய வேண்டியவையும் உண்டு. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் துணை மருத்துவத் துறைகளுக்கென்று நிரந்தர ஆய்வுப் பணியிடம் ஒன்றாவது வேண்டும். பணிநேரத்தில் வாரத்துக்கு அரைநாள் எழுத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும். மாதாந்திர அறிக்கைப் படிவத்தில் ‘எத்தனை பேர் வந்தார்கள்’ என்பதற்குப் பக்கத்தில், ‘எத்தனை பேர் நின்றுவிட்டார்கள்’ என்ற கட்டத்தையும் சேர்க்க வேண்டும். அவற்றுக்குக் கோப்பு நகர வேண்டும், நிதித் துறை சம்மதிக்க வேண்டும், அதற்கு எப்படியும் ஒரு பட்ஜெட் போய்விடும். அடுத்த கல்வியாண்டில் தலைப்புத் தேடும் மாணவர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், துறைத் தலைவரின் ஒரு கையெழுத்து, அந்த நீள நோட்டில் கோடு போட ஒரு அடிக்கோல். இவ்வளவு இருந்தால் திங்கள்கிழமை ஓ.பி.யிலேயே தொடங்கிவிடலாம்.